கியிவ்: ஒரு பெயரின் மூலம்

அவைத் தலைவர் அவர்களே, வரவேற்புரை நல்கிய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த தமிழாசிரியப் பெருமக்களே, பத்திரிகை நண்பர்களே, அரங்கைத் தந்துதவிய நூலகத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

'நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே' என்பார்கள். ஊர்ப்பெயரின் மூலத்தைப் பார்த்தே தீர வேண்டும். உக்ரைன் தலைநகரின் பெயர் பிறந்த விதம், அதன் ஒலி மாறிய விதம், தமிழில் அதை எழுத வேண்டிய விதம் என மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

கியிவின் பழைய வடிவம் 'கியெவ்'. அதில் 'கிய்' என்பது ஆள் பெயர். 'எவ்' உடைமை விகுதி. கிய்யினுடைய ஊர், அவ்வளவுதான்.

யார் அந்தக் கிய்? 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரிலேயே தொகுத்த வரலாற்றேடு, கிய், ஷ்செக், ஹோரிவ் என்ற அண்ணன் தம்பிமாரையும் தங்கை லிபித்தையும் சொல்லி, மூத்தவன் பெயரால் கோட்டை எழுந்தது என்கிறது. அதோடு நிற்கவில்லை, ஒரு வழக்கே நடத்துகிறது! கிய் வெறும் ஓடக்காரன், தினிப்ரோ ஆற்றில் ஆளேற்றியவன், ஆகவே அது 'கிய்யின் துறை' என்று விவரமறியாதவர்கள் சொல்கிறார்களாம். எழுதியவருக்குப் பொறுக்கவில்லை. ஓடக்காரன் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போவானா, பேரரசர் அவனுக்குப் பெருமரியாதை செய்வாரா என்று வாதாடுகிறார். திரும்பும் வழியில் கிய் டான்யூப் கரையில் சிறுகோட்டை கட்டினானாம். அக்கம்பக்கத்தார் குடியேற விடவில்லையாம். அந்த இடத்தை இன்றும் 'கியெவெத்ஸ்' என்கிறார்கள் என்று சாட்சியும் வைக்கிறார்! நகரில் ஷ்செகவித்ஸா என்ற குன்றும் லிபித் என்ற ஆறும் உண்டு. அந்தப் பெயர்களிலிருந்தே உடன்பிறப்புகள் பிறந்தார்கள் என்பது என் முடிவு. கதை ஆடும், விகுதி அசையாது.

ஒலிக்கு வருவோம். சொல்லின் ஈற்றில் முன்பு மிகக் குறுகிய உயிரொலி ஒன்று இருந்தது. அது தேய்ந்து விழுந்ததும் முந்தைய எகரம் மெய்யால் அடைபட்டு, உக்ரைனியத்தில் இகரமாயிற்று: கியிவ். வேற்றுமை ஏறி அசை திறந்தால் பழைய எகரம் திரும்பிவிடும்: 'கியெவா', அதாவது கியிவினுடைய. லிவிவ் நகரும் அப்படியே; அங்கே ஒகரம் திரும்பி 'லிவோவா' ஆகும். ரஷ்யத்தில் இந்த மாற்றம் நிகழவில்லை, 'கியெவ்' என்றே நின்றது.

பத்திரிகை நண்பர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். 1995இல் உக்ரைன் தன் ஒலிப்படி லத்தீன் எழுத்து வடிவத்தை வகுத்தது. 2018இல் உலக ஊடகங்களிடம் அதற்காக இயக்கமே நடத்தியது. நாமோ 'கியெவ்' என்று ரஷ்ய வழியில் எழுதுகிறோம். இல்லாவிட்டால் 'கீவ்' என்று இரண்டு அசையை ஒன்றாக நெரிக்கிறோம். மூலம் பார்க்காததன் விளைவு இது! கி, யி, வ்: மூன்றெழுத்தும் நம்மிடம் உண்டு. முதல் இகரம் குறில். ஈற்று வகரத்தை இதழ் குவித்து உகரச் சாயலில் ஒலியுங்கள். கியிவில், கியிவுக்கு, கியிவிலிருந்து என உருபும் தடையின்றி ஏறும். உங்கள் நடைக் கையேட்டில் கியிவ், லிவிவ், கார்கிவ் என்ற மூன்று உக்ரைன் நகரப் பெயர்களை இன்றிரவே சேர்த்துவிடுங்கள்.