காது திறக்கும் முன்னே

வணக்கம் நேயர்களே. சாலையில் போகும்போது பின்னால் ஹார்ன் அடித்தால், திரும்பாமலே எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரிந்துவிடுகிறது, இல்லையா? ஒலி ஒரு காதைவிட மறு காதுக்குப் பிந்துவது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நூலிழை வித்தியாசத்தை மூளைத்தண்டு பிடித்துவிடுகிறது.

இதில் ஏடிபிக்கும் ஒரு கை உண்டு. ஆமாம், பள்ளியில் செல்லின் ஆற்றல் நாணயம் என்று படித்தோமே, அதே ஏடிபிதான்.

ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் என்ற நரம்பு ஆய்வாளரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இதைப் பேச முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1960களில் மெல்பர்னில் கினிப்பன்றியின் குடல் தசையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அசிட்டைல்கோலின், நார்அட்ரீனலின் என்று அன்றைக்குத் தெரிந்த இரண்டு நரம்புத் தூதுப்பொருள்களையும் மருந்து கொடுத்துத் தடுத்துவிட்டார். நரம்பைத் தூண்டினால் தசை சும்மா இருக்கவேண்டும். இருக்கவில்லை, தளர்ந்தது! அப்படியானால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது ஏடிபி என்று 1972இல் எழுதினார். ஆற்றலுக்கு வேண்டிய பொருளை எந்தச் செல்லாவது வெளியே கொட்டுமா என்று பலர் நம்பவே இல்லை. ஏடிபியை உணர்கிற செல்புரதங்களான ஏற்பிகளின் மரபணுக்கள் 1990களில் கைக்கு வந்த பிறகுதான் வாய் அடங்கியது. இருபது வருஷம், பாருங்கள்!

சரி, காதுக்கு வருவோம். எலிக்குட்டிக்குப் பிறந்து பன்னிரண்டு நாள் போலக் காது கேட்காது. ஆனாலும் அதன் செவி நரம்பு விட்டுவிட்டுத் துடிக்கிறது. கூட்டம் சேருமுன்பே ‘மைக் டெஸ்டிங்’ சொல்வார்களே, அந்த மாதிரி. உள்காதின் தாங்கு செல்கள் ஏடிபியைக் கசியவிடுகின்றன. அதன் விளைவாகப் பொட்டாசியம் வெளியேறி, ஒலியை உணரும் மயிர்ச்செல்களைக் கிளப்பிவிடுகிறது. ஒலியே இல்லாமல் ஒலிப்பாதைக்குப் பயிற்சி! ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2007இல் இதைக் காட்டியது.

மூளைத்தண்டிலும் ஏடிபிக்கு ஏற்பிகள் உண்டு. பி2எக்ஸ் என்று பெயர். ஏடிபி வந்து ஒட்டியதும் திறந்துகொள்ளும் வாசல்கள் இவை. குட்டியின் மூளைத்தண்டில் சில நரம்பிணைப்புகளில் குளூட்டமேட் என்ற தூண்டும் தூதுப்பொருள் கூடுதலாக வெளிவர இவை உதவுகின்றன; வேறு சில நரம்பணுக்களை நேரடியாகவே உசுப்பிவிடுகின்றன. மறுபடியும் சொல்கிறேன், இதெல்லாம் குட்டிப் பருவத்தில். செவி முதிர முதிர இந்த வேகம் குறைந்துவிடும்.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அடினோசினை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஏடிபி சிதைந்தால் வருவது அது. வேலையோ நேர் எதிர், தூதுப்பொருள் வெளிவருவதைக் குறைக்கும். காலையில் குடித்த காபி அடைத்துவைப்பதும் அடினோசின் ஏற்பிகளைத்தான். நன்றி, வணக்கம்.