வாத்தியார் முதல்ல பாக்கோணும்

(தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க. பிள்ளைகளுக்கு உதவுற இணையதளங்களைப் பத்திப் பேசச் சொன்னாங்க. பட்டியல் வேணும்னா உங்க வாட்சப் குழுவுலயே நெறைய கெடக்கும். திறந்து பாத்தவங்கதான் கம்மி. என் கட்சி என்னன்னா, ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் இணையதளம் வாத்தியாருக்குத்தான். முந்தின நாள் பொழுதோட நாம பாத்து வெச்சுக்கோணும். மறுநாள் பிள்ளை கையில காகிதமோ குச்சியோ இருக்கோணும், போன் இல்லீங்க.

தீக்ஷா உங்களுக்குத் தெரிஞ்சதுதான், மத்திய அரசோட பாடத் தளம். 2017-ல் வந்தது. பாடநூல்ல இருக்கிற க்யூஆர் கோடு அங்கதான் கூட்டிட்டுப் போகும். கடம்பூர், பர்கூர் மலையில வேலை பாக்கிறவங்க, டவர் கிடைக்கிற இடத்துலயே வீடியோவை இறக்கிட்டு மேல போங்க. அப்புறம் நெட் இல்லாமலே ஓடும்.

நான் நின்னு பேசோணும்னு நினைக்கிறது ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கின படக்கதைத் தளம். முதல் நிலைக் கதையில பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வரிதான். காசு கிடையாது; அச்செடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாத்தியும் எழுதலாம். எழுதினவர், வரைஞ்சவர் பேரை மட்டும் விட்டுடக்கூடாது.

நமக்கு இதுல என்ன விசேஷம்? ஒரே கதை, அதே படங்களோட, பல மொழியில கிடைக்குது. கர்நாடக எல்லையோரத் தாளவாடியில நெறையப் பிள்ளைங்க வீட்டுல கன்னடம் பேசுது. திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்க ஒடியாவும் இந்தியும் பேசிக்கிட்டு நம்ம வகுப்புல உக்காந்திருக்கு. "அதுக்குத் தமிழ் வராதுங்க"ன்னு சொல்லி நாமளே கடைசி வரிசையில உக்கார வெச்சிடறோம். ரெண்டு மொழியிலயும் அச்செடுத்துச் சேத்து பின் அடிச்சு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்க. அம்மாவோ அப்பாவோ அவங்க மொழியில வாசிச்சுக் காட்டட்டும். கதை தெரிஞ்சுபோச்சுன்னா, மறுநாள் தமிழ் வரியில யானை எங்க, ஆறு எங்கன்னு அந்தப் பிள்ளையே விரல் வெச்சுத் தேடும். ஒண்ணு மட்டும்: நீங்க ஒருக்கா வாய்விட்டுப் படிச்சுப் பாத்துக்குங்க. சில மொழிபெயர்ப்பு கரடுமுரடா இருக்கும், திருத்திக்கலாம்.

அரவிந்த் குப்தாவோட பொம்மைத் தளமும் அப்படித்தான், நாம பாத்துட்டு வந்து பிள்ளைகளைச் செய்ய வைக்கிறது. ஐஐடியில படிச்சவர், 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினவர், குப்பையில இருந்து பொம்மை செய்யறார். தமிழ்லயும் வீடியோ இருக்கு. சைக்கிள் கடையில வால்வு டியூப் வாங்கித் துண்டு போட்டுத் தீக்குச்சிகளை இணைச்சா முக்கோணம் கெட்டியா நிக்கும், சதுரம் சாஞ்சுரும். சதுரத்துக்குக் குறுக்க ஒரு குச்சி கொடுங்க, அதுவும் நிக்கும். அப்படியே பிள்ளைகளை வெளிய கூட்டிட்டுப் போயி, தறிக்குடோன் கூரையில எத்தனை முக்கோணம்னு எண்ணச் சொல்லுங்க.

பின்னக் கணக்குக்கு ஃபெட் (PhET) இருக்கு, திரையில நகர்த்திப் பாத்துக் கத்துக்கிற தளம், அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்தோடது. நாலு, அஞ்சாம் வகுப்புக்குப் போதும்.

யூடியூபை மட்டும் ஸ்மார்ட் போர்டுல நேரடியா ஓட விடாதீங்க. நடுவுல என்ன விளம்பரம் வருமோ, நம்ம கையில இல்லை.

சரி, தாளவாடியில இருந்து வந்தவங்க முன்னாடி வாங்க. கன்னடமும் தமிழும் இருக்கிற கதை ஒண்ணை இங்கயே தேடி எடுத்துருவோம்.