பந்தின்மேல் எழுதிய கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்து வேர்பிடித்த காலத்துக் குழுப் படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது நாம் ஆடுகிற கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் ஓட, எதிரணி அவரை மடக்கிக் கீழே சாய்க்கிற ஆட்டம்.

தொடக்கத்தில் இதுவும் வேறு மாதிரிதான் இருந்தது. 1869 நவம்பர் 6ஆம் தேதி நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் மோதியபோது பக்கத்துக்கு 25 பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட அனுமதியில்லை. ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. பக்கத்துக்குப் பதினொரு பேர் என்று 1880இல் மாற்ற வைத்தவர் யேல் கல்லூரியின் வால்டர் கேம்ப்.

அந்தக் காலக் குழுப் படம் எது கிடைத்தாலும் என் கண் முதலில் பந்தைத்தான் தேடும். பெரும்பாலும் நடுவில் உட்கார்ந்திருக்கும் கேப்டனின் மடியில் இருக்கும். அதன் தோலில் வருடத்தை வெள்ளையாக எழுதியிருப்பார்கள். சில படங்களில் ஜெயித்த ஆட்டத்தின் புள்ளிக் கணக்கும் இருக்கும். பின்பக்கம் ஒரு குறிப்பும் இல்லாத படத்துக்குக்கூட அந்தப் பந்து வயது சொல்லிவிடும். அடுத்து கழுத்தைப் பாருங்கள். 1890களின் படங்களில் சிலர் கழுத்தில் கறுப்பாக ஏதோ தொங்கும். அது ரப்பர் மூக்குக் கவசம். அடிப்பகுதியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். தலைக்குக் கவசம் போடுவது அரிது, அதனால் முடியை அடர்த்தியாக வளர்த்துக்கொண்டார்கள். அந்த முரட்டு ஆட்டத்தில் உயிர்ப்பலிகள் பெருகி, 1905இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேச வேண்டியதாயிற்று.

என்னை விட்டு நீங்காத படம் ஒன்று உண்டு. பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியின் 1911ஆம் வருடத்துக் குழுப் படம். அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்கள் மொழியையும் வழக்கங்களையும் மறக்கடிப்பதற்கென்றே 1879இல் தொடங்கிய அரசுப் பள்ளி அது. அந்தப் பள்ளிக்குப் படங்களின் வலிமை நன்றாகவே தெரியும். டாம் டார்லினோ என்ற நவஹோ இளைஞரை 1882இல் வந்து சேர்ந்ததும் நீண்ட முடியோடும் காதணியோடும் படம் எடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து முடியை வெட்டி, கோட்டு மாட்டி மறுபடி எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாருங்கள் எப்படி மாற்றிவிட்டோம் என்று விளம்பரம் செய்தார்கள். எத்தனை முறை பார்த்தாலும் வயிறு எரிகிறது.

அதே பள்ளியின் பிள்ளைகள் 1911 நவம்பர் 11ஆம் தேதி ஹார்வர்டை அதன் சொந்த மைதானத்திலேயே எதிர்கொண்டார்கள். ஹார்வர்டின் பயிற்சியாளர் முதலில் மாற்று ஆட்டக்காரர்களைத்தான் இறக்கினார். அவ்வளவு அலட்சியம். கார்லைலின் ஜிம் தார்ப் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். கம்பங்களுக்கு நடுவே நான்கு முறை பந்தை உதைத்து அனுப்பினார். மறு வருடம் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினாரே, அதே தார்ப்தான். கார்லைல் ஜெயித்தது.

அந்த வருடத்துக் குழுப் படத்தில் இருக்கும் பந்தில் 'இந்தியர்கள் 18, ஹார்வர்ட் 15' என்று எழுதியிருக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளை அப்போது இந்தியர்கள் என்றுதான் சொல்வார்கள். பள்ளியின் பெயரைக்கூட எழுதவில்லை. தங்கள் இனத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள், அதுவும் முதலில். டார்லினோவை இரண்டு முறை கேமராவுக்கு முன் நிறுத்தியபோது அவர் சொல்ல நினைத்ததைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. இந்த ஆட்டக்காரர்களின் பேச்சோ பந்தின்மேலேயே இருக்கிறது.

பள்ளியை 1918இல் மூடிவிட்டார்கள். பள்ளியின் பதிவேடுகளையும் படங்களையும் அதே கார்லைல் ஊரிலுள்ள டிக்கின்சன் கல்லூரி இணையத்தில் ஏற்றியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்கும்போது ஆட்டக்காரர்களோடு நின்றுவிடாமல், பெயர்ப் பட்டியலில் இருக்கும் மற்றப் பிள்ளைகளையும் தேடிப் பாருங்கள். வணக்கம்.