ஊர்ப் பெயர் இல்லாத சட்டை

(ஃப்ரீமாண்ட் நகரில் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் 2025 ஏப்ரலில் கூட்டிய சித்திரைக் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் விரும்பியதால் எழுதித் தந்திருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, தமிழ்ப் பள்ளியின் முதல்வர் அம்மா அவர்களே, வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமையிலும் தூங்காமல் வந்து பாடம் நடத்துகிற ஆசிரியப் பெருமக்களே, நம் அழைப்பை ஏற்று வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களே, வாசலில் சந்தனமும் கற்கண்டும் கொடுத்து வரவேற்ற இளைஞர்களே, சமையலறையில் இப்போதும் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் பேஸ்பால் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் என் குட்டி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். நகர மன்ற உறுப்பினர் அவர்கள் இன்று இன்னும் இரண்டு நிகழ்ச்சிகளுக்குப் போக வேண்டியவர். ஆனாலும் கடைசி வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி. ஏன் தனியாக என்பது பேச்சின் முடிவில் தெரியும்.

புதிய பேஸ்பால் சீசன் தொடங்கியிருக்கிறதே, ஒரு ரசிகராக நாலு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, சீசன் தொடங்கும்போது ரசிகனுடைய மனம் என்ன பாடுபடுகிறது என்பது. இரண்டு, பந்து எறிபவருக்கு நேரம் குறிக்கும் பிட்ச் கிளாக் முதலான புதிய விதிகள் ஆட்டத்தை எப்படி மாற்றியிருக்கின்றன என்பது. மூன்று, ஒரு அணிக்கும் அதன் ஊருக்கும் உள்ள உறவு.

என் அப்பத்தா அடிக்கடி சொல்லும் வாக்கு ஒன்று உண்டு. ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும். இந்த மூன்றையும் கட்டும் கயிறு அதுதான்.

சீசனின் முதல் நாள் என்பது எங்களுக்கு ஆடிப் பதினெட்டு மாதிரி. எல்லா அணியும் பூஜ்யத்தில் நிற்கும். போன வருஷம் நூறு ஆட்டம் தோற்ற அணிக்கும், கோப்பை வாங்கிய அணிக்கும் அன்று ஒரே கணக்கு. முன்னால் 162 ஆட்டம் கிடக்கிறது. அதில் 81 சொந்த ஊரில். புது வெள்ளம் வந்த ஆற்றங்கரையில் நிற்பது போல ஒரு குளிர்ச்சி மனசுக்குள் வரும். 1998-இல் இந்த ஊருக்கு வேலைக்கு வந்ததிலிருந்து எனக்கு வருஷம் தவறாமல் அது வந்திருக்கிறது.

இந்த வருஷம் வரவில்லை.

மார்ச் 31 அன்று இரவு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தேன். ஓக்லாந்து ஏ'ஸ் அணியின், இல்லை, தப்பு, அப்படிச் சொல்லக்கூடாது, வெறும் 'அத்லெடிக்ஸ்' அணியின் முதல் உள்ளூர் ஆட்டம். ஏ'ஸ் என்பது அந்தப் பெயரின் சுருக்கம். போன வருஷம்தான் பக்கத்து ஊரான ஓக்லாந்தை விட்டுப் போனார்கள். நடந்த இடம் சாக்ரமெண்டோவின் சட்டர் ஹெல்த் பார்க். சின்ன லீக் அணி ஆடும் மைதானம், 14,000 பேர் கொள்ளும். சிகாகோ கப்ஸ் அணி 18-க்கு 3 என்று அடித்துத் துவைத்தது. தோற்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஏ'ஸ் ரசிகனுக்குத் தோல்வி புதிதா? என் கண் சட்டையிலேயே நின்றுவிட்டது. ஒரு கையில் சாக்ரமெண்டோ அடையாளம், இன்னொரு கையில் லாஸ் வேகாஸ் அடையாளம். அணியின் பெயருக்கு முன்னால் ஊர் எதுவும் கிடையாது. லாஸ் வேகாஸில் 2028-இல் மைதானம் தயாராகும் வரை ஊர்ப் பெயர் இல்லாமலே ஆடுவார்களாம்.

நாம் எப்படிப்பட்ட ஜனங்கள்? அரியக்குடி என்றால் ஒருவர், செம்மங்குடி என்றால் ஒருவர், திருவாவடுதுறை என்றால் ஒருவர். சொந்தப் பெயரை விட்டுவிட்டு ஊரைச் சொல்லியே ஆளைக் கூப்பிட்ட மரபு நம்முடையது. புது ஆளைப் பார்த்தால் பெயருக்கு அடுத்து நாம் கேட்பது 'எந்த ஊர்?' என்றுதான். அதனால்தான் அந்தச் சட்டை என்னை அப்படி வலிக்கச் செய்தது.

இந்த அணி ஊர் மாறுவது முதல் தடவை இல்லை. 1901-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தது. கானி மேக் என்ற ஒரே மனிதர் ஐம்பது வருஷம் அதற்கு மேலாளராக இருந்தார். 1955-இல் கான்சஸ் சிட்டிக்குப் போனது. 1968-இல் ஓக்லாந்துக்கு வந்தது. வந்த இடத்தில் வேர் பிடித்தது. 1972, 73, 74 மூன்று வருஷமும் தொடர்ந்து வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிக் கோப்பையை வென்றார்கள். பூகம்பம் வந்த 1989-இலும் வென்றார்கள். அணியின் சின்னம் யானை. 1902-இல் எதிர் அணிக்காரர் ஒருவர் 'வெள்ளை யானை' என்று இளக்காரம் பண்ண, கானி மேக் அதையே சின்னமாக எடுத்து வைத்துக்கொண்டார். கோயில் யானையைப் பார்த்து வளர்ந்தவன் நான். யானையை வைத்திருக்கும் அணியை விட்டு வேறு எந்த அணியிடம் போவேன்?

அந்த யானைக்கு நம் ஃப்ரீமாண்டில் கூட இடம் பார்த்தார்கள் என்பது இங்கே இருக்கும் பல இளைஞர்களுக்குத் தெரியாது. 2006-இல் திட்டம் அறிவித்தார்கள். 2009-இல் கைவிட்டார்கள்.

சரி, இப்போது ஒரு கதை சொல்கிறேன். இதைச் சொல்லாமல் என்னால் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது.

2002. அப்பாவும் அம்மாவும் ஆறு மாதத்துக்கு இங்கே வந்திருந்தார்கள். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணம் பக்கம். வீட்டில் அடைந்து கிடந்தவரை, செப்டம்பர் 4 அன்று சாயங்காலம் பார்ட் ரயிலில் ஏற்றி ஓக்லாந்து கொலீசியத்துக்குக் கூட்டிப் போனேன். ஏ'ஸ் அதற்கு முன் தொடர்ந்து 19 ஆட்டம் ஜெயித்திருந்தது. இருபதாவது ஜெயித்தால் அமெரிக்கன் லீக்கில் அதுவரை யாரும் செய்யாத சாதனை. ஐம்பத்தைந்தாயிரம் பேர் வந்திருந்தார்கள். அப்பா மங்கி கேப் போட்டுக்கொண்டு, மேல்மாடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர், கறுப்பினத்தவர், கிழக்கு ஓக்லாந்துக்காரர். மடியில் ஸ்கோர் புத்தகம், காதில் பென்சில். அந்தப் பென்சிலைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். 'என்ன எழுதறார், கேளு' என்றார். ஒவ்வொரு பந்துக்கும் என்ன நடந்தது என்று கட்டம் கட்டமாகக் குறித்துக்கொள்வார்கள் அப்பா என்றேன். 'அட, ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் நான் எழுதுன கணக்கு மாதிரி' என்றார். அதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முப்பது வருஷம் இதே ஊரில் பஸ் ஓட்டினாராம். ஓட்டுநரும் கண்டக்டரும் எங்கே வந்து சந்தித்துக்கொண்டார்கள் பாருங்கள்! அவர் தன் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து அப்பாவிடம் கொடுத்தார். காதிலிருந்த பென்சிலையும் பாதியாக ஒடித்துக் கொடுத்தார்.

மூன்று இன்னிங்ஸ் முடியும்போது ஏ'ஸ் 11, கான்சஸ் சிட்டி ராயல்ஸ் 0. அரங்கமே ஆடியது. நாலாவது இன்னிங்ஸில் ராயல்ஸ் ஐந்து எடுத்தது. அதனால் என்ன என்றிருந்தோம். எட்டாவதில் இன்னொரு ஐந்து. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. 'அப்பா, கிளம்பிடலாம், ரயில்ல கூட்டமா இருக்கும்' என்றேன். அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. 'டிரிப் முடியாம கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கலாமாடா தம்பி?' என்றார். இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தப் பெரியவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்.

ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட் ஆன பிறகு ராயல்ஸ் ஒன்று எடுத்து 11-க்கு 11 ஆக்கிவிட்டது. ஐம்பத்தைந்தாயிரம் பேர் இருக்கும் இடத்தில் சத்தமே இல்லை. ஏ'ஸ் முறை. ஒருவர் அவுட். அடுத்து, வேறொருவருக்குப் பதிலாக ஸ்காட் ஹேட்டபெர்க் மட்டையோடு வந்தார். முழங்கையில் நரம்பு பாதித்து, மட்டைக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்ச்சர் வேலையே இனி முடியாது என்று ஆன மனிதர். இந்த அணிதான் கூப்பிட்டு, ஓடுபவர் தொட வேண்டிய இடங்களில் முதலாவதான முதல் பேஸில் காவலுக்கு நிறுத்தியது. அன்று முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தவர். அடித்தார். பந்து வலது நடுப்பக்கமாகப் போனது, போனது, வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அப்பா எழுந்து நின்று, பெரியவரைக் கட்டிக்கொண்டார். எங்கள் தெருவில் யாரையும் அவர் கட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. அப்புறம் உட்கார்ந்து, கடைசிக் கட்டத்தை நிரப்பி, 12-11 என்று போட்டு, கீழே கோடு இழுத்து, கையெழுத்து வைத்தார். டியூட்டி முடிந்தது.

இதோ, அந்தத் தாள். அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இன்று கொண்டுவந்திருக்கிறேன். முடிந்ததும் பிள்ளைகள் வந்து பார்க்கலாம், கை துடைத்துவிட்டு.

தலைவர் ஐயா சீட்டு அனுப்பியிருக்கிறார், ஐந்து நிமிஷம் என்று. கட்டுப்படுகிறேன். பிட்ச் கிளாக் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். 2023-இல் வந்தது, பேஸில் ஆள் இல்லாவிட்டால் பதினைந்து வினாடிக்குள் எறிய வேண்டும், ஆட்டம் சீக்கிரம் முடிகிறது. நல்லதுதான். அதை இன்னொரு நாள் பேசலாம்.

ரிக்கி ஹெண்டர்சனை மட்டும் விட முடியாது. ஓக்லாந்தில் வளர்ந்த பிள்ளை. பந்தை யாரும் அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பதைப் பேஸ் திருடுவது என்பார்கள். அப்படித் திருடியதில் 1,406. அவருக்கு அடுத்தவர் 938. நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள். 1991 மே 1 அன்று அந்த 938-ஐ முறியடித்ததும் மூன்றாவது பேஸைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். எந்த மைதானத்தில்? அவர் வளர்ந்த ஊரின் மைதானத்தில். போன டிசம்பரில் காலமானார். அணி ஊரை விட்டுப் போய் மூன்று மாதத்துக்குள்.

ஐந்து வருஷத்துக்குள் ஓக்லாந்து மூன்று அணிகளை இழந்தது. 2019-இல் கூடைப்பந்து அணி வாரியர்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோ போனது. 2020-இல் ரெய்டர்ஸ் லாஸ் வேகாஸ் போனது. 2024-இல் ஏ'ஸ். ரசிகர்கள் வருவதில்லை, அதனால்தான் போகிறோம் என்று சொன்னவர்கள் உண்டு. 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. ரசிகர்கள் தாங்களே முடிவு செய்து 27,759 பேர் வந்தோம். எல்லோரும் பச்சைச் சட்டை. அதில் 'விற்றுவிடு' என்று அணியின் முதலாளிக்கு ஒரே வார்த்தை. அன்றும் ஜெயித்தோம், 2-1. அதே வாரம் நெவாடா மாநிலம் மைதானத்துக்கு 380 மில்லியன் டாலர் பொதுப்பணம் தர முடிவெடுத்தது. ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும். என்னைக் கேட்டால், இதை லீக் அலுவலக வாசலில் எழுதி வைக்க வேண்டும்.

கடைசி ஆட்டம் 2024 செப்டம்பர் 26. 46,889 பேர். டெக்சாஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று ஜெயித்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கீழே இறங்கி, பணியாளர் ஒருவரிடம் கேட்டு ஒரு சின்ன டப்பாவில் மைதானத்து மண் வாங்கினேன். ஊரை விட்டுப் போகிறவர்கள் குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துக்கொண்டு போவார்கள். போன இடத்தில் அந்த மண்ணை வைத்துக் கோயில் எழுப்புவார்கள். இங்கே யானை போய்விட்டது, மண் மட்டும் எங்கள் கையில்.

இந்த மண்ணை எங்கே வைப்பது? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மேற்கு ஓக்லாந்தில் ரைமாண்டி பார்க் என்று ஒரு மைதானம். இரண்டாம் உலகப் போரில் உயிர்விட்ட உள்ளூர் ஆட்டக்காரர் எர்னி ரைமாண்டியின் பெயர். அங்கே 2024 ஜூன் முதல் ஓக்லாந்து பாலர்ஸ் என்ற அணி ஆடுகிறது. பயனியர் லீக். பெரிய லீக் இல்லை, சம்பளம் பெரிதில்லை. ஆனால் சட்டையில் ஊர்ப் பெயர் இருக்கிறது. பச்சையும் பொன்னும்தான் நிறம். ரசிகர்களுக்கே பங்கு விற்றார்கள். ரசிகர்களின் பிரதிநிதி ஒருவருக்கு நிர்வாகக் குழுவில் நாற்காலி இருக்கிறது. சுமார் 4,000 பேர் உட்காரலாம். பந்து எறியும் பிட்சர் முணுமுணுப்பது கூடக் கேட்கும் தூரம்.

அதே மேற்கு ஓக்லாந்தில் வளர்ந்தவர் கர்ட் ஃப்ளட். 1969-இல் அவரைக் கேட்காமலே வேறு ஊர் அணிக்கு மாற்றியபோது, நான் வாங்கி விற்கும் பொருள் அல்ல என்று எழுதிவிட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972-இல் தோற்றார். ஆனாலும் பின்னால் வந்த ஆட்டக்காரர்களுக்குச் சுதந்திரம் கிடைத்ததற்கு அவரும் ஒரு காரணம். ஆட்டக்காரன் பொருள் அல்ல என்றால் ஊர் மட்டும் பொருளா?

அதனால் என் கோரிக்கை. மே மாதம் பாலர்ஸ் சீசன் தொடங்குகிறது. முதல் சனிக்கிழமை உள்ளூர் ஆட்டத்துக்கு நம் தமிழ்ப் பள்ளியிலிருந்து இரண்டு பஸ், நூறு பேர். முதல்வர் அம்மா அன்று வகுப்பை ஒரு மணி நேரம் முன்னால் முடித்துத் தர வேண்டும். நகர மன்ற உறுப்பினர் அவர்கள் எங்களோடு பஸ்ஸில் வர வேண்டும். இதற்குத்தான் முதலிலேயே நன்றி சொன்னேன். ஸ்கோர் தாள் நூறு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், கட்டங்களின் பெயரெல்லாம் தமிழில். எழுதத் தெரியாத பிள்ளைகளுக்குப் பஸ்ஸிலேயே சொல்லித்தருகிறேன்.

பெயர் கொடுக்கும் நோட்டு வாசலில், காபி டிரம்முக்குப் பக்கத்தில் இருக்கிறது. பென்சில் கட்டி வைத்திருக்கிறேன். மண் டப்பாவை நான் கொண்டுவருகிறேன்.

வணக்கம்.