இறந்தாலும் ஆயிரம் பொன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே, என்னைப் பற்றி எனக்கே தெரியாத நல்லதையெல்லாம் சொல்லி அறிமுகம் செய்த செயலாளர் அவர்களே, கடைசிவரை காத்திருக்க வேண்டிய நன்றியுரையாளர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

அலுமினியத்தின் குணம், வரலாறு, பயன் மூன்றையும் பேசச் சொன்னார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, உலோகங்களில் அந்த யானை இதுதான்.

குணத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். எடை, எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 660 டிகிரி செல்சியஸில் உருகும். காற்றுப் பட்டதும் மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும்; கீறினால் மறுபடி போர்த்திக்கொள்ளும்.

சரி, வரலாறு. பூமியின் மேலோட்டில் இதைவிட அதிகமாக உள்ள உலோகம் கிடையாது. ஆனால் ஆக்சிஜன் பிடித்த பிடியை விடாது. 1825இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் என்ற விஞ்ஞானி பிரித்துக் காட்டிய பிறகும் அரிய பொருளாகவே இருந்தது. அமெரிக்காவில் ஓபர்லின் கல்லூரி ஆசிரியர் ஒருவர், “இதை மலிவாகப் பிரிப்பவன் பெரும் பணக்காரன் ஆவான்” என்றார். சார்லஸ் மார்ட்டின் ஹால் என்ற மாணவன் பக்கத்திலிருந்தவனிடம், “அது நான்தான்” என்றானாம். நம் வகுப்பில் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்! வீட்டு விறகுக் கொட்டகையில் அடுப்பு, தானே செய்த மின்கலங்கள், உதவிக்கு அக்கா ஜூலியா. உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அலுமினாவை, அதாவது அலுமினிய ஆக்சைடை, கரைத்து மின்சாரம் பாய்ச்சினார். ஒன்றும் வரவில்லை. உருக்கும் பாத்திரமான களிமண் மூசையே கரைந்து கெடுக்கிறது என்று பிடித்து, உள்ளே கரி பூசினார். 1886 பிப்ரவரி 23. ஆறவைத்து உடைத்தால், வெள்ளியாய்ச் சில உருண்டைகள்! உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் ஓடினார். வயது 22. அதே ஆண்டு பிரான்சில் எரூ என்பவரும் இதே வழியைக் கண்டார். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. இதை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கும்.

அப்புறம், நான் வந்த காரியம். இந்தக் குளிர்பான டின்னைப் பாருங்கள். பெயர்தான் டின், உடம்பு அலுமினியம். நசுக்கிவிட்டேன். செத்ததா? இறந்தாலும் ஆயிரம் பொன்! தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும், இதை உருக்கி மறுபடி டின்னாக்க. திரும்பத் திரும்ப உருக்கலாம். இதைக் குப்பையில் எறிகிறவரைப் பார்த்தால் எனக்கு இரவு தூக்கம் வராது.

பயனைப் பற்றி? தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். விமானம், மின்கம்பி, ஜன்னல் சட்டம், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். மேடையில் கொடுத்த ஐந்து டின்களையும் நான் பையில் போட்டுக்கொள்கிறேன். உங்கள் கையில் இருப்பதற்கு வாசலில் சாக்கு வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.