கிளினிக் கொப்பியில் எழுதாத வருத்தம்

(சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய ஆலயப் பிரதம குருக்கள் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பிரதம விருந்தினராக வருகை தந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, சிறப்பு விருந்தினர் சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, மாதர் சங்கத்தினரே, முதியோர் சங்கத்தினரே, தாய்மாரே, தந்தைமாரே, அன்புப் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

பிரதேச செயலாளர் அம்மாவுக்கு இன்று வேறும் இரண்டு நிகழ்வுகள் இருந்தன. அவற்றை முடித்துக்கொண்டு, மதியச் சாப்பாடும் சாப்பிடாமல் இங்கே வந்து அமர்ந்திருக்கிறார். அவருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். கதிரைகளும் ஒலிபெருக்கியும் தந்துதவிய பாடசாலை அதிபருக்கு நன்றி. நிறைகுடம் வைத்துக் கோலம் போட்ட பெண்பிள்ளைகளுக்கு நன்றி. முன்வரிசையில் எனக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சர் இருக்கிறார். அவருக்கு முன்னால் பேசுவது நான் செய்த பாக்கியம். சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள் இந்த மேடையில் இருப்பதை நான் பெரிய வாய்ப்பாகவே எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் கேட்க வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் பிறகு கேட்கிறேன்.

தலைவர் எனக்குத் தந்த தலைப்பு, ‘ஆறாத மனத்துயரும் உடல்நலமும்.’ நான்கு விடயங்களைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். முதலாவது இதயம். இரண்டாவது சீனி வருத்தம். மூன்றாவது வயிறு. நான்காவது எங்கள் பிள்ளைகள்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். நான் எங்கே பேசினாலும் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் விடுவதில்லை என்று என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பிள்ளை அழுதால்தான் அதன் பசி தாய்க்குத் தெரியவரும். எங்கள் ஊரில் வளர்ந்தவர்கள் அழுவதில்லை. நெஞ்சு நோகுது, தலை சுத்துது, கை கால் உளையுது, நித்திரை இல்லை என்று ஆஸ்பத்திரியில் துண்டு எடுக்கிறார்கள். விடிய ஆறு மணிக்கு வரிசையில் நின்று, பனடோலும் வயிற்றெரிவுக் குளிசையும் வாங்கிக்கொண்டு, பெருமூச்சு விட்டபடி வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த மாதம் திரும்பவும் வருகிறார்கள்.

முதலில் இதயத்துக்கு வருகிறேன். போர்க்காலத்தில் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டதும் பங்கருக்கு ஓடிய கால்கள் எங்களுடையவை. அந்த ஓட்டத்துக்குப் பலம் தந்தது அதிரினலின் என்ற ஓமோன். மூளை ஆபத்தை உணர்ந்தவுடன் சிறுநீரகங்களின் மேலே இருக்கும் அதிரினல் சுரப்பிகள் அதை இரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, பிறசர் ஏறுகிறது, இரத்தம் கால் தசைகளுக்குப் பாய்கிறது, வயிறு தன் வேலையை நிறுத்திவைக்கிறது. கூடவே கோர்ட்டிசோல் என்ற இன்னொரு ஓமோனும் சுரந்து, ஈரல் இரத்தத்துக்குள் சீனியை விடும்படி செய்கிறது. உயிர் தப்புவதற்கு இவ்வளவும் வேண்டும். பொம்பர் போனதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். ஆனால் மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாய்க்கு எப்போது அடங்கும்? கேற் திறக்கும் சத்தம், தெரியாத இலக்கத்திலிருந்து வரும் தொலைபேசி, அவனோடு படித்த பெடியன் கலியாணக் கார்ட்டோடு வந்து நிற்பது, ஒவ்வொன்றுக்கும் உடம்பு திரும்பத் திரும்ப ஓட ஆயத்தமாகிறது. இப்படி வருடக்கணக்காக நடந்தால் பிறசர் ஏன் இறங்கப்போகிறது? 2004 இல் வெளிவந்த ஓர் ஆய்வு 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை விசாரித்தது. புகைத்தல், சீனி, பிறசர் இவற்றோடு மன அழுத்தத்தையும் மாரடைப்பின் முக்கிய காரணங்களில் ஒன்றாக அது பட்டியலில் சேர்த்தது.

திடீர்த் துயரமும் இதயத்தை விழுத்தும். யப்பானிய வைத்தியர்கள் 1990 இல் முதன்முதலாக விவரித்த ‘டகோட்சுபோ’ என்ற நிலை இருக்கிறது. பெரிய அதிர்ச்சியால் இதயத்தின் இடது கீழறை சுருங்க முடியாமல் வீங்கிப்போகிறது. ஈ.சி.ஜி. எடுத்தால் மாரடைப்பு மாதிரியே இருக்கும். ஆனால் இரத்தக் குழாயைப் பார்த்தால் அடைப்பு இருக்காது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் இது கூடுதலாக வருகிறது. பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள், சிலர் தேறுவதில்லை. தவறான தீர்ப்புச் சொல்லிவிட்டோம் என்று அறிந்த பாண்டியன் நெடுஞ்செழியன் அந்த இடத்திலேயே உயிர் விட்டான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவ்வளவு தூரம் போவானேன்? 1981 இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த இரவில், பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்டு நெஞ்சு வெடித்து இறந்தார் என்று யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்கிறோம். அவர் உடம்பில் நெருப்புப் படவில்லை, பிள்ளைகளே.

செத்தவீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2012 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றின்படி, நெருங்கியவரைப் பறிகொடுத்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து வழமையைவிட 21 மடங்கு கூடுகிறது. பிறகு நாளுக்கு நாள் குறைகிறது. எங்கள் செத்தவீடுகளில் என்ன நடக்கிறது? பந்தல், பறை, பாடை எல்லாவற்றையும் பார்க்க ஆள் இருக்கிறது. கணவனைப் பறிகொடுத்து மூலையில் கிடக்கும் அந்த அம்மா காலையில் பிறசர்க் குளிசை போட்டாவா என்று பார்க்க ஆளில்லை. இனிப் போகும்போது ஒருவராவது அதைக் கேளுங்கள்.

இதற்காக நெஞ்சு நோவெல்லாம் மனவருத்தம்தான் என்று யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. நெஞ்சு நொந்தால் உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், மிச்சக் கதை அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது சீனி. இங்கே ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன். கிளினிக் நாளில் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் குடை, தண்ணீர்ப் போத்தல், பிறவுண் பேப்பரில் உறை போட்ட கிளினிக் கொப்பி. கொப்பியைத் திறந்தால் பக்கம் பக்கமாகச் சீனியின் அளவு கூடிக்கொண்டே போகும். வைத்தியர் பேசுவார்: “அம்மா, நீங்கள் வாயைக் கட்டுறியள் இல்லை.” அம்மா தலையாட்டுவார். ஒரு குளிசை இரண்டாகும், இரண்டு மூன்றாகும். நாங்களும் விடவில்லை. குரக்கன் பிட்டுச் சாப்பிடுங்கோ என்றோம், சாப்பிட்டார். பாவற்காய், குறிஞ்சா இலை என்று பக்கத்து வாங்கிலில் இருந்த ஆச்சிமார் சொன்னதையும் செய்தார். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டே கனகாலம். சீனி மட்டும் இறங்கவில்லை. குளிசையை வாங்கிக்கொண்டுபோய்க் கிணற்றுக்குள் போடுகிறாவோ என்றுகூட எங்களில் ஒருவர் கேட்டார்.

ஒரு கார்த்திகை மாதம், மாரி மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் றோட்டுக்கு மேலே ஏற, பஸ் வரவில்லை. கிளினிக் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அம்மா மட்டும் விறாந்தை வாங்கிலில் குந்தியிருந்தார். நான் என் பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியில் பாதியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை. கொப்பியையும் திறக்கவில்லை. மழையைப் பற்றிக் கதைத்தோம், வெங்காய விலையைப் பற்றிக் கதைத்தோம். பேச்சுவாக்கில், “ராத்திரி என்னம்மா சாப்பிட்டனீங்கள்?” என்று கேட்டேன்.

“ரண்டு இடியப்பம், மிஸி. ஏழு மணிக்கு.”

“பிறகு?”

கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “பிறகு சாப்பிடுறது என்ரை சாப்பாடு இல்லை.”

போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் கடைசியாகக் கண்ட மகன். இரவில் சோறு தின்னாவிட்டால் சாப்பிட்டதாகவே நினைக்காத பெடியன். அவனுக்கென்று ஒவ்வோர் இரவும் சோறு காய்ச்சி, ஒரு கோப்பையில் போட்டு, மூடிவைத்துவிட்டுப் பதினொரு மணி மட்டும் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவன் வராததால் அந்தச் சோற்றைத் தானே சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். “பிள்ளைக்குப் போட்ட சோத்தை நாய்க்கு வைக்கிறதோ, மிஸி?” என்று என்னையே கேட்டார். எத்தனை வருடமாக, எத்தனை கோப்பை சோறு! கொப்பியில் அதை எழுத ஓர் இடமில்லை. எங்கள் கேள்விகளிலும் அது இல்லை.

அவரை ஓர் உளவளத்துணையாளரிடம் அனுப்பினோம். அந்தப் பிள்ளை அவரிடம் மகனை மறக்கச் சொல்லவில்லை, செத்துப்போனான் என்று நம்பவும் சொல்லவில்லை. மகனைப் பற்றிக் கதைக்கவிட்டது. மாதக்கணக்காகக் கதைத்தார்கள். ஒருநாள் அம்மா தானாகவே என்னிடம் வந்து சொன்னார்: “மிஸி, இப்ப அவன்ரை சோத்தை நான் ஏழு மணிக்கே சாப்பிடுறன், இடியப்பம் இல்லை. அவன் வந்தால் அப்ப உலை வைப்பன். அரிசி அவிய எவ்வளவு நேரம் செல்லும்?” வைத்தியர் பிறகு ஒரு குளிசையைக் குறைத்தார். துயரம் தீர்ந்ததா? இல்லை. இன்றும் பதினொரு மணி வரை முழிப்புத்தான்.

சீனிக்காரருக்குக் காலில் புண் வந்தால் ஆறாது என்று எல்லோருக்கும் தெரியும். சீனியே இல்லாதவருக்கும் மனச்சுமை புண்ணை ஆறவிடாது. மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் பெண்களின் கையில் சிறு காயம் ஏற்படுத்தி அமெரிக்காவில் பார்த்தார்கள், 1995 இல். மற்றவர்களுக்கு ஆறியதைவிட அவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடச் சென்றது.

மூன்றாவது வயிறு. முன்பு சொன்னேனே, ஆபத்து வேளையில் வயிறு தன் வேலையை நிறுத்திவைக்கும் என்று. மனம் அடங்காதவருக்கு வயிறும் ஏன் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்பது அதிலிருந்தே விளங்கும்.

எங்கள் முன்னோர் துயரத்தை வெளியே விடுவதற்கு வழி வைத்திருந்தார்கள். ஒப்பாரி இருந்தது, எட்டாம் நாள் சடங்கு இருந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இருந்தது, கீரிமலையில் முழுகி எழுவது இருந்தது. உடலே கிடைக்காதவருக்கு என்ன அந்தியேட்டி? ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிப்பதா விடுவதா, பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் எத்தனை பெண்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்! 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு மழைக்குள் எல்லோரும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்து போனபோது, வழியில் பறிகொடுத்தவர்களுக்கு நின்று அழ நேரமிருந்ததா? எங்கள் மருத்துவபீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் அவர்கள் இதைத் தனி ஆளின் காயமாக மட்டும் பார்க்கவில்லை. குடும்பமும் ஊருமே காயப்பட்டிருப்பதைக் கூட்டு மனவடு என்று எழுதினார். அப்படியானால் மருந்தும் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அதனால்தான் சுகாதார வைத்திய அதிகாரி அவர்களிடம் கேட்க வேண்டும் என்று சொன்னேன். ஐயா, எங்கள் வைத்தியசாலையில் கிளினிக் நாளில் ஓர் அறை வேண்டும். கதவு சாத்தக்கூடிய அறை. இப்போது வைத்தியரின் மேசைக்கு முன்னால் ஒருவர் இருக்க, அவருக்குப் பின்னால் நாலு பேர் கொப்பியோடு நிற்கிறார்கள். அந்த நாலு பேரும் பக்கத்து வீட்டுக்காரர். மகனுக்குப் போட்ட சோற்றைப் பற்றி அங்கே யார் வாய் திறப்பார்? அந்த அறையில் இரண்டு கதிரையும், பயிற்சி பெற்ற ஓர் உளவளத்துணையாளரும் இருந்தால் போதும். கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: நித்திரை வருகிறதா? யாரைப் பறிகொடுத்தீர்கள்? ஆளணி வெற்றிடமும் நிதித் தட்டுப்பாடும் இருப்பது எனக்குத் தெரியும். அதனால் வெறுங்கையோடு வரவில்லை. மாதர் சங்கம் கதிரையும் திரைச்சீலையும் தருவதாகச் சொல்லியிருக்கிறது. கோயில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு மனமுவந்து தந்த எங்கள் வெளிநாட்டு உறவுகள் ஒரு கதவுக்குத் தரமாட்டார்களா?

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்றேன். ஊரும் ஒரு பிள்ளைதான், ஐயா. நாங்கள் வாய் திறந்து கேட்காவிட்டால், இந்த ஊருக்கு அப்படியொரு தேவை இருப்பது மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு எப்படித் தெரியும்? வீதி கேட்டோம், வந்தது. மின்விளக்குக் கேட்டோம், வந்தது. மனத்துக்கென்று நாங்கள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதாகத் தொடங்கினேன். தலைவர் நேரம் காட்டுகிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன். சிறுவயதில் பட்ட அடியும் வீட்டுக்குள் கண்ட வன்முறையும் ஐம்பது வயதில் இதய வருத்தமாக வரக்கூடும் என்பதை 1998 இல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. பெற்றோரின் துயரத்தோடு வளரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த அறை இன்னும் அவசியம். அதிபர் அழைத்தால் பாடசாலையில் வந்து விரிவாகப் பேசுவேன்.

வாசலில் மேசை போட்டு விண்ணப்பப் படிவம் வைத்திருக்கிறோம். மாதர் சங்கப் பிள்ளைகள் இருவர் அங்கே இருப்பார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வரை இந்த மண்டபத்திலும் கையெழுத்து வைக்கலாம். கைநாட்டு வைப்பவர்களுக்கு மை இருக்கிறது. இரவில் யாருக்காவது மனம் தாங்க முடியாமல் அந்தரப்பட்டால் அழைப்பதற்கு, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தையும் துண்டில் அச்சடித்து வைத்திருக்கிறோம், ஆளுக்கொன்று எடுத்துப்போங்கள். படிவத்தில் பெயரும் கிராம அலுவலர் பிரிவும் எழுதினால் போதும். உங்கள் வருத்தம் என்ன என்று அதில் எழுத வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.