தரகர் எந்தப் பக்கம் நிற்கிறார்?

மும்பைத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று எங்கே போனாலும் நம்மவர்கள் போனில் இன்று ஒரு ஷேர் ஆப் இருக்கிறது. கேட்டால், "டெலிவரிக்கு புரோக்கரேஜே கிடையாது சார்" என்கிறார்கள். டெலிவரி என்றால் வாங்கிய பங்கை அன்றே விற்காமல் நம் கணக்கில் வைத்துக்கொள்வது. சரி, அப்படியானால் அந்த ஆப்பை நடத்தும் தரகர் கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

பங்கு வாங்கிய 24 மணி நேரத்துக்குள் காண்ட்ராக்ட் நோட், அதாவது தரகர் தரும் பில், வந்தாக வேண்டும். பலரும் திறந்தே பார்ப்பதில்லை. ஒரு லட்ச ரூபாய்க்கு டெலிவரியில் வாங்கினால், பங்குப் பரிவர்த்தனை வரி 100 ரூபாய், ஸ்டாம்ப் டூட்டி 15 ரூபாய், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபிக்கு 10 பைசா. எக்ஸ்சேஞ்ச், அதாவது பங்குச் சந்தை, வாங்கும் கட்டணம் சில ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. இதில் எதுவும் தரகருக்கு இல்லை. ஆனால் முன்பு எக்ஸ்சேஞ்ச் கட்டணத்திலும் அவருக்குக் கொஞ்சம் மிஞ்சியது. பெரிய தரகருக்கு எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடி கொடுக்கும். அவர் நம்மிடம் முழுதாக வசூலித்து வித்தியாசத்தை வைத்துக்கொள்வார். 2024 அக்டோபர் 1 முதல் செபி அதை நிறுத்தியது. அதன்பின் சில கம்பெனிகள் டெலிவரிக்கும் கட்டணம் போட ஆரம்பித்தன.

மற்றபடி கடன் கொடுத்து பங்கு வாங்க வைத்தால் வட்டி, பங்கை விற்கும்போது டீமேட் (பங்குகள் இருக்கும் மின்னணுக் கணக்கு) கட்டணம். பெரிய வரும்படி எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்), அதாவது விலை ஏறுமா இறங்குமா என்பதை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள். அதில் ஒவ்வொரு ஆர்டருக்கும் காசு. நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்குக் கிடைத்துவிடும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொல்கிறது. ஆப் ஏன் ஓயாமல் நோட்டிஃபிகேஷன் அனுப்புகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இதைவிட நுணுக்கமான சங்கதி ஒன்று உண்டு. வீட்டு புரோக்கர் இருவரையும் சேர்த்துவைத்து கமிஷன் வாங்குவது ஒரு ரகம். தன் சொந்த ஃபிளாட்டையே உங்கள் தலையில் கட்டுவது வேறு ரகம். பங்குத் தரகரும் அப்படித்தான், உங்களுக்காக வாங்கித் தரலாம், தன்னிடம் இருப்பதையே விற்கவும் செய்யலாம். இரண்டாவதைச் செய்தால் உங்கள் சம்மதம் வாங்கி, தான்தான் விற்கிறேன் என்று நோட்டில் காட்ட வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டின் செக்யூரிட்டீஸ் கான்ட்ராக்ட்ஸ் சட்டம்.

இன்று இது அதிகம் நடப்பது பாண்டுகளில், அதாவது கடன் பத்திரங்களில். 9,900 ரூபாய்க்கு வாங்கிய பத்திரத்தை உங்களுக்கு 10,000-க்கு விற்கிறார் என்று வையுங்கள். நோட்டில் புரோக்கரேஜ் சைபர்! அந்த நூறு ரூபாய் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும், உங்கள் வருமானம்தான் குறையும். அதனால் வட்டி விகிதத்தைப் பார்த்து மயங்காமல், அதே பாண்டுக்கு வேறு இரண்டு இடங்களில் விலையும் ஈல்டும் (அந்த விலைக்கு உண்மையில் கிடைக்கும் வருமான விகிதம்) விசாரியுங்கள். விற்பவர் முகவரா, சொந்தக்காரரா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. வணக்கம்.